மசுக்குட்டியின் அடியில் ஒரு பங்கர்

“எங்கட வீட்டில முதல் படிச்சவள் நீ. படிச்ச படிப்புக்கு உது ஒரு வேலையோ? சரி, போறதெண்டால் போ. ஆனால் உன்னை நம்பி ஆர் தங்கட பிள்ளையளை உதில ஏத்துவினம்?”

என் அண்ணர் இதைக் கேட்டது எண்பத்தாறாம் ஆண்டு வசந்தத்தில். ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில் எங்கள் ஒற்றை அறை வீடு. உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்து, இரண்டு காலையும் சுடுதண்ணீர் வாளிக்குள் விட்டபடி கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கேட்பதற்கு அவருக்கு உரிமை இருந்தது. எங்கள் அப்பா கடலுக்குப் போனவர். கையெழுத்துக் கேட்கிற இடத்திலெல்லாம் பெருவிரலை நீட்டியவர். அண்ணர் பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் அப்பாவின் வள்ளத்தில் ஏறினார். அவர் ஏறினபடியால்தான் நான் ஏ.எல். வகுப்பு வரை கணிதம் படித்தேன். அப்படிப் படித்தவள் ரொறன்ரோவுக்கு வந்து, ஏரிக்கரைப் பூங்கா ஒன்றில் ராட்டினம் ஓட்டப் போகிறேன் என்றால் அவர் என்ன செய்வார்?

இப்போது எனக்கு இருபத்தாறு வயது. அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்றால் சிரிப்பீர்கள். நான் மட்டுமல்ல, அந்த ராட்டினமும் ஓய்வு பெற்றுவிட்டது. போன இலையுதிர் காலத்தில் அதைக் கழற்றி மூன்று லொறிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த இடத்தில் இந்த வருடம் புதிதாக ஒன்று நிற்கிறது. எல்லாம் பட்டன். அதில் வேலைக்குச் சேர்ந்த எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேர் போன மாதம் என்னைத் தேடி வந்தார்கள். அவர்களில் ஒருத்தி கேட்டாள்: “அக்கா, நீங்கள் ஒவ்வொரு முறையும் இறங்கிச் சுத்தி நடந்து பாக்கிறனீங்களாமே. உண்மையோ? ஏன் அவ்வளவு கஷ்டப்பட்டனீங்கள்?”

அவளுக்கு அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இதுதான் அந்தப் பதில்.

ராட்டினத்தைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் கம்பளிப்பூச்சி என்று பெயர். ஊரில் முருங்கை மரத்தில் மொய்க்கிற மசுக்குட்டியேதான். பூங்காவுக்கு வந்த தமிழ்ச் சனமும் அதை மசுக்குட்டி என்றே சொன்னது. வட்டமான தண்டவாளம். அந்த வட்டத்தில் மூன்று இடத்தில் தண்டவாளம் மேடாக ஏறி, மூன்று இடத்தில் பள்ளமாக இறங்கும். அதன்மேல் பதினாறு பெட்டிகள் ஒன்றின் வாலை மற்றது பிடித்தபடி ஓடும். நடுவில் ஒரு தூண். அதிலிருந்து குடைக்கம்பிகள் மாதிரிப் பதினாறு இரும்புக் கைகள் நீண்டு, ஒவ்வொன்றும் ஒரு பெட்டியைப் பிடித்திருக்கும். பெட்டி ஏறினால் கையும் ஏறும், இறங்கினால் கையும் இறங்கும். பள்ளத்தில் கைக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு சாண். மேட்டில் ஒரு முழம். இந்த அளவுகளை மறந்துவிடாதீர்கள்.

ஓட்டம் வேகம் பிடித்ததும் நான் ஒரு நெம்புகோலைத் தள்ளுவேன். பச்சைக் கன்வஸ் கூடாரம் ஒன்று எழும்பிப் பதினாறு பெட்டியையும் மூடும். உள்ளே இருட்டு. பிள்ளைகள் கத்துவார்கள். பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்பது அவரவர் வயதைப் பொறுத்தது. ஐம்பது வருடத்துக்கு மேலாக அது அந்தக் கரையில் நின்றதாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைக்கார மனிதர் தன் மகளையும் மகளின் பிள்ளையையும் கூட்டி வந்து, ஏழாம் பெட்டிதான் வேண்டும் என்று நின்றார். “ஏன் ஏழு?” என்று கேட்டேன். மகளின் முகம் சிவந்தது. “அப்பா அம்மாவிடம் கலியாணம் கேட்டது இதுக்குள்ளதான். அம்மா இருட்டில ஓம் எண்டது அவருக்குக் கேக்கேல்லையாம். இன்னொரு தரம் ஏறினவை” என்றாள். இப்படி ஒவ்வொரு கிழமையும் ஆராவது வருவார்கள். தங்கள் பெற்றோரோடு ஏறின பெட்டியில் இப்போது பிள்ளைகளோடு ஏறுவார்கள். இறங்கும்போது முகம் வேறு மாதிரி இருக்கும். எனக்கு அந்த முகங்களைப் பார்க்கப் பிடிக்கும். கொஞ்சம் பொறாமையும் இருந்தது. எங்கள் ஊரில் நான் சின்னனில் ஏறின எதுவும் இப்போது நிற்குமா என்று எனக்குத் தெரியாது.

பயிற்சி இரண்டு கிழமை. அதில் சொல்ல ஒன்றுமில்லை, என் மேலாள் டோரினைத் தவிர. நாற்பது வயதளவில், கனடாவின் கிழக்குக் கரைக்காரி. அவர் பேசும்போது உங்களைப் பார்க்கமாட்டார், ராட்டினத்தையே பார்ப்பார். மதியச் சாப்பாடு நின்றபடி ஒரு அவித்த முட்டை. நன்றி, மன்னிப்பு இரண்டு சொல்லும் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. வேலை சரியாகச் செய்தால் ஒன்றும் சொல்லமாட்டார். பிழை விட்டால் பெயரைச் சொல்லி ஒரு தரம் கூப்பிடுவார். அவ்வளவுதான்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் செய்யவேண்டியதை அவர் எனக்கு ஒரு தரம்தான் காட்டினார். எல்லாரும் ஏறி இருந்ததும் மடிக்குக் குறுக்கே இரும்புத் தடியை இறக்கி, ஒவ்வொரு தடியையும் கையால் இழுத்துப் பார்க்கவேண்டும். வாசலைச் சங்கிலியால் பூட்டவேண்டும். பிறகுதான் வட்டம். ராட்டினத்தின் வெளிப்புறத்தை ஒருதரம் முழுதாகச் சுற்றி நடக்கவேண்டும். மூன்று மேட்டுக்கும் அடியில், மெக்கானிக் நுழைவதற்காக ஒவ்வொரு பலகைக் கதவு இருந்தது. ஒவ்வொன்றையும் தூக்கி, குனிந்து, டோர்ச் அடித்து உள்ளே பார்க்கவேண்டும். நடந்து முடிந்து திரும்பி வந்து, வாய்விட்டு மூன்று வசனம் சொல்லவேண்டும்: “கீழே ஒன்றுமில்லை. வாசல் பூட்டு. எல்லார் கையும் உள்ளே.” அதற்குப் பிறகே மணியை இரண்டு தரம் அடித்து, ஓட்டுகிற நெம்புகோலைத் தள்ளலாம்.

“கீழே என்ன இருக்கும்?” என்று கேட்டேன்.

“தொப்பி. சப்பாத்து. ஒருக்கால் ஒரு ரக்கூன் குட்டி.”

“தொப்பிக்காகவா இத்தனை தரம் குனிய வேணும்?”

டோரின் ராட்டினத்தைப் பார்த்தபடி இருந்தார்.

இன்னொரு விதியும் இருந்தது. ராட்டினத்தை ஓடவைக்க ஒரே ஒரு திறப்பு, ஒரே ஒரு சாவி. ஆராவது அடியில் போவதென்றால், அந்தத் திறப்பைக் கழற்றித் தன் கையில் எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும். மேலே நிற்பவரிடம் கொடுக்கக்கூடாது. அவர் எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் சரி.

முதல் கோடை நன்றாகப் போனது. ஒரு நாளில் நாற்பது தரம், ஐம்பது தரம் அந்த வட்டத்தை நடந்தேன். தொப்பி ஒன்பது கண்டுபிடித்தேன். சுவிங்கம் எத்தனை என்று சொல்லமாட்டேன். அண்ணர் ஒரு நாள் வேலை முடிந்து வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். வீட்டுக்குப் போகும்போது ட்ராம் வண்டியில், “பரவாயில்லை, நல்லாத்தான் நிப்பாட்டுறாய்” என்றார். நான் அன்றைக்கு இரவு தூங்கவில்லை என்றால் நம்புவீர்களா? அவ்வளவு பெருமை. எனக்குப் பெருமை அதிகம். இதை எழுதும்போது மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் பிறகு நடந்ததற்கு அதுவே காரணம்.

செப்டெம்பர் மாதத்து முதல் வார இறுதியில், கோடை முடிகிற நேரம், ஏரிக்கு மேலே விமானக் காட்சி நடக்கும். போர் விமானங்கள் வந்து தாழப் பறந்து வித்தை காட்டும். கரை முழுதும் சனம். பூங்காவுக்கு வருடத்தில் அதிகம் பேர் வருகிற நாட்கள் அவை. முதல் வருடம் அந்த வார இறுதியில் எனக்கு லீவு. ஆகவே நான் பார்த்திருக்கவில்லை. வீட்டில் சத்தம் கேட்டது, ஆனால் கண்ணாடி யன்னலுக்கு அந்தப் பக்கத்தில், எங்கோ தூரத்தில்.

இரண்டாம் வருடம், எண்பத்தேழில், நான் வேலையில் நின்றேன்.

சனிக்கிழமை பகல். வரிசையில் ஒரு தமிழ்க் குடும்பம் நின்றது. தாய், ஆறு வயது மகள், தாயின் தம்பி. தாயின் பெயர் ராணி என்றும், வந்து நான்கு மாதம்தான் என்றும் எனக்குப் பிறகு தெரியவந்தது. தம்பி குணம் மூன்று வருடத்துக்கு முன்னரே வந்தவர். அக்காவுக்கும் மருமகளுக்கும் கனடாவைக் காட்டுகிற மிதப்பில் இருந்தார்.

“அக்கா, உது எவ்வளவு பழசு தெரியுமோ? இஞ்சத்தைச் சனம் பரம்பரை பரம்பரையா ஏறுது.”

“பழசெண்டால் உடைஞ்சு விழாதோ?” என்றார் ராணி அக்கா.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “விழாதக்கா, நான் இருக்கிறன்” என்றேன்.

“ஐயோ, தமிழோ! குணம், இஞ்ச பார், ஓட்டுறது எங்கட பிள்ளை!”

மகள் என் டோர்ச்சையே பார்த்தாள். பெயர் சுபா. ஒரு கால் செருப்பைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டிகள் நிறைந்துவிட்டன. அடுத்த ஓட்டம் உங்களுக்கு என்று சொல்லிச் சங்கிலியைப் போட்டேன். குணம் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கப் போனார். நான் தடிகளை இழுத்துப் பார்த்தேன். வட்டம் நடக்க டோர்ச்சை எடுத்தேன்.

அப்போதுதான் அது வந்தது.

சத்தம் முன்னுக்கு வரவில்லை. முதலில் நிழல். நிழல் எங்கள்மேல் ஓடிப் போனபின், வானம் கிழிகிற மாதிரி. பூங்காவில் நின்ற நூற்றுக்கணக்கான பேர் அண்ணாந்து பார்த்தார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. என் கன்னம் நிலத்தில் இருந்தது. வாய்க்குள் மண். கை இரண்டும் தலைக்கு மேல். எப்போது விழுந்தேன் என்று தெரியாது. விழவேண்டும் என்று நான் நினைக்கவேயில்லை. ஊரில் ராணுவ ஹெலிகொப்ரர் வந்து கரையில் சுட்ட நாட்களில் இப்படி விழுந்திருக்கிறேன். அதை மறந்துவிட்டேன் என்று நினைத்தேன். என் உடம்பு மறக்கவில்லை.

பிறகு கைதட்டல் கேட்டது. பெட்டியில் இருந்தவர்கள் எனக்குத்தான் கைதட்டினார்கள். நான் வேடிக்கை காட்டுவதாக நினைத்துவிட்டார்கள். ஒருவர், “இன்னொரு தரம்!” என்றார்.

எழுந்தேன். நீலச் சட்டை முழுதும் மண். முகம் எரிந்தது. அந்த நிமிடத்தில் என்னிடம் ஒரே நினைப்புத்தான் இருந்தது: இவர்கள் என்னைப் பார்ப்பதை நிறுத்தவேண்டும். ராட்டினம் ஓடினால் என்னைப் பார்க்கமாட்டார்கள்.

நான் வட்டம் நடக்கவில்லை. “கீழே ஒன்றுமில்லை” என்று வாயால் சொன்னேன். பார்க்காமலே சொன்னேன். மணியை இரண்டு தரம் அடித்து ஓட்டுகிற நெம்புகோலைத் தள்ளினேன்.

முதல் சுற்று மெதுவாக ஓடும். இரண்டாம் சுற்றில் வேகம் பிடிக்கும். கன்வஸ் எழும்பப்போகிற நேரம் என் பின்னால் ஒரு குரல்.

“சுபா! சுபா! ஐயோ, என்ர பிள்ளை இஞ்சதானே நிண்டவள்!”

திரும்பினேன். ராணி அக்காவும் என்னைப்போல விழுந்து எழுந்திருந்தார். சேலைத் தலைப்பில் மண். மகள் தம்பியோடு போயிருப்பாள் என்று முதலில் நினைத்தாராம். அந்த நேரம் தம்பி பொரியலோடு தனியே வந்துகொண்டிருந்தார். நான் ராட்டினத்தைப் பார்த்தேன். முதல் மேட்டின் பலகைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் செருப்பு. ஒன்றுதான்.

பிரேக்கை இழுத்தேன். இரண்டு கையாலும், உடம்பு முழுப் பாரத்தாலும். பழைய ராட்டினம். இழுத்தவுடன் நிற்காது. அது தேய்ந்து தேய்ந்து நிற்க ஏறக்குறைய ஒரு சுற்று எடுத்தது. பெட்டிகள் நின்றபோது நான் மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்த முடியவில்லை, அது தானாகவே நடந்தது. தொடங்கியதிலிருந்து இரண்டரைச் சுற்று. ஒரு சுற்றுக்குப் பதினாறு கைகள். நாற்பது. நாற்பது தரம் ஒரு இரும்புக் கை அந்த இடத்தைக் கடந்து போயிருக்கிறது. நான் படித்த கணக்கு இதற்குத்தான் உதவியது.

டோரின் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். பிரதான சுவிச்சை இறக்கினார். திறப்பைக் கழற்றினார். பலகைக் கதவைத் தூக்கி, படுத்து, டோர்ச் அடித்தார்.

“உயிரோட இருக்கிறாள்” என்றார். “வரச் சொல்லு. நான் இங்கிலீசில சொன்னா விளங்காது.”

குனிந்து பார்த்தேன். சுபா மேட்டுக்கு நேர் கீழே குப்புறப் படுத்திருந்தாள். இரண்டு கைவிரலும் காதுக்குள். சட்டைக் கழுத்தைச் சுருட்டிப் பல்லுக்குள் கடித்திருந்தாள். நெஞ்சு நிலத்தில் படாமல் முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் தூக்கியிருந்தாள். தலையை மட்டும் தாழ்த்தியிருந்தாள். அது எந்தப் பிள்ளைக்கும் தானாக வராது. யாரோ படிப்பித்திருக்கிறார்கள். குண்டுக்குப் பதுங்கும் பங்கருக்குள் எப்படிக் கிடக்கவேண்டும் என்று பல தரம் செய்து காட்டியிருக்கிறார்கள். அப்படிக் கிடந்தபடியால் ஒரு முழத்துக்குள் அடங்கியிருந்தாள். எழுந்து குந்தியிருந்தால்? மேட்டுக்குப் பதிலாகப் பள்ளத்துப் பக்கம் தவழ்ந்திருந்தால்? நான் இன்றைக்கும் அந்த இடத்தில் நின்றுவிடுவேன். அதற்கப்பால் போகமாட்டேன்.

தாய் கதவடியில் விழுந்து கத்தினார். “வாடி ராசாத்தி, வெளியில வா! இது கனடாவடி!”

“சுபா, உது விளையாட்டுப் பிளேன்! காட்சிக்கு விடுறது!” என்றார் குணம். பொரியல் இன்னும் கையில் இருந்தது.

உள்ளேயிருந்து கழுத்துத் துணியைக் கடித்தபடி சத்தம் வந்தது. “மாமாக்குத் தெரியாது. மாமா அங்க இருக்கேல்லை.”

குணம் பொரியலை நிலத்தில் வைத்தார்.

டோரின் உள்ளே போகக் குனிந்தார். “நான் போறன்” என்றேன். அவர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். பிறகு திறப்பை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

நான் தவழ்ந்து போய் அவளுக்குப் பக்கத்தில் படுத்தேன். கிறீஸ் நாற்றம். தலைக்கு மேல் ஒரு கை நின்றுபோயிருந்தது. அவ்வளவு கிட்டத்தில் அதை நான் அதுவரை பார்த்ததில்லை. அது என் தலைமயிரைத் தொட்டது.

“சுபா, பிளேன் போயிட்டுது. வாங்கோ போவம்.”

“இன்னொருக்கா வரும்” என்றாள். “முதல் சுத்து பாக்கிறதுக்கு. ரண்டாம் சுத்துதான் குண்டு போடுறது.”

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் அது வந்தது. காட்சிதானே, அவர்கள் திரும்பி வரத்தான் செய்வார்கள். பலகைகள் எல்லாம் நடுங்கின. அவள் என் கழுத்தைப் பிடித்துக் கீழே அமுக்கினாள். ஆறு வயதுப் பிள்ளை என் தலையைக் காப்பாற்றினாள். நான் அவளுக்குக் கீழே கிடந்தேன்.

சத்தம் போனதும் கேட்டாள். “போடேல்லையோ?”

“போடேல்லை.”

“ஏன் போடேல்லை?”

அவள் மேலே பார்த்தாள். “அக்கா, உங்கட பங்கர் ஏன் மேல சுத்துது?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரும்புக் கைகள் தலைக்கு மேல் ஓடினபோது அவள் அதைப் பார்த்திருக்கிறாள். பார்த்தும் அசையவில்லை. கனடாவில் பங்கர் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

“இனிச் சுத்தாது” என்று சொல்லித் திறப்பைக் காட்டினேன். “இது இல்லாமல் ஒண்டும் சுத்தாது.” அவள் அதை வாங்கித் தன் கைக்குள் பொத்தினாள். பிறகு, சத்தம் அடங்கியபின் நூறு எண்ணாமல் வெளியே போகக்கூடாது என்றாள். அது அவர்கள் வீட்டுச் சட்டம். இருவரும் எண்ணினோம். எழுபதில் அவளுக்கு எண்ணிக்கை பிழைத்தது. அறுபதிலிருந்து திரும்பவும் எண்ணினோம்.

நூறுக்கு அவள் தானாகத் தவழ்ந்து வெளியே போனாள். தாய் முதலில் ஒரு அடி கொடுத்து, பிறகு இறுக்கிப் பிடித்தார். அழுது முடிந்து என்னைப் பார்த்தார். என் சட்டையின் முன்பக்கத்து மண்ணைப் பார்த்தார். அது அடியில் படுத்ததால் ஒட்டின கிறீஸ் அல்ல என்று அவருக்கு விளங்கியது.

“பிள்ளை, நீரும் விழுந்தனீரோ?”

“ஓம் அக்கா.”

“நீர் எவடம்?” என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். தன் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தார். நான் செய்தது என்னவென்று தெரிந்திருந்தால் துடைத்திருப்பாரா? அப்போது அவருக்குத் தெரியாது. அந்த இடத்திலேயே, கீழே பார்க்காமல் ஓட்டினேன் என்று சொன்னேன். அவர் என் முகத்திலிருந்து கையை எடுத்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். அது எனக்குக் கிடைக்கவேண்டியதுதான்.

பின்னேரம் அலுவலக அறையில் டோரின் ஒரு படிவத்தை மேசையில் வைத்தார். சம்பவ அறிக்கை. எட்டாவது கேள்வி: ஓட்டத்துக்கு முன் வட்டம் நடக்கப்பட்டதா?

“நான் மற்றப் பக்கத்தில நிண்டன், காணேல்லை” என்றார் யன்னலைப் பார்த்தபடி. “நடந்ததை எழுது.”

ஆம் என்று எழுதினால் கேட்பார் இல்லை. நான் நடந்துபோன பிறகு பிள்ளை புகுந்ததாக முடிந்துவிடும். இல்லை என்று எழுதினால் நெம்புகோல் என் கையை விட்டுப் போகும், வேலையும் போகலாம். அந்தப் பூங்காவில் ராட்டினம் ஓட்டின ஒரே தமிழ்ப் பிள்ளை நான். எனக்குப் பிறகு வரப்போகிறவர்களை என்னை வைத்துத்தான் எடை போடுவார்கள். அண்ணர் கேட்ட கேள்வி காதில் நின்றது. பேனையைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. ஆனால் நாற்பது என்ற எண் போகவில்லை. நாளைக்கு வேறொருவர் அந்தக் கதவைத் தூக்காமல் விடுவார். ஏன் தூக்கவேண்டும் என்பது இந்தத் தாளில் இருந்தால்தான் தூக்குவார்.

“இல்லை” என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், “வெட்கப்பட்டேன்” என்று எழுதினேன்.

டோரின் வாசித்தார். “இந்தப் படிவத்துக்குரிய சொல் இல்லை இது” என்றார். ஆனால் வெட்டவில்லை.

மிச்ச நாட்கள் வாசலில் நின்று ஆட்களை உள்ளே விட்டேன். அடுத்த வசந்தத்தில் பயிற்சியை முதலிலிருந்து செய்து, பரீட்சை கொடுத்து, நெம்புகோலைத் திரும்ப வாங்கினேன். பலகைக் கதவுகளுக்குக் கொளுக்கி வந்தது. நடைமுறைத் தாளில் டோரின் கையால் ஒரு வரி சேர்ந்தது: இடையில் எது நடந்தாலும் வட்டம் முதலிலிருந்து. அது என் ஓட்டத்தில் நடந்ததால் வந்த வரி. என் பெயர் அதில் இல்லை. இருந்திருக்கலாம் என்று சில நேரம் நினைப்பேன்.

காட்சி நடக்கிற நேரத்தில் குடும்ப ராட்டினங்களை நிறுத்தச் சொல்லிப் பூங்காவின் முகாமையாளரிடம் கேட்டேன். மரியாதையாகச் சிரித்தார். வருடத்தின் நல்ல நாட்கள் அவை என்றார். அந்த வருடக் காட்சியின்போது டோரின் வாசலில் சங்கிலியைப் போட்டு, “பிரேக் சரிபார்ப்பு” என்று அட்டை தொங்கவிட்டார். நாங்கள் இருவரும் மூன்று மணித்தியாலம் ஒன்றையும் சரிபார்க்காமல் படியில் இருந்தோம். சத்தம் வந்தபோதெல்லாம் அவர் என்னைப் பார்க்காமல் முட்டை உரித்தார். நான் படியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விழவில்லை. ஆனால் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அதே இலையுதிர் காலத்தில் லொறிகள் வந்தன.

ஆகவே தங்கச்சி, ஏன் சுற்றி நடந்தேன் என்று கேட்டாய். நடக்காத ஒரு தரத்துக்காகத்தான்.

நான் இப்போது லிஃப்ட் திருத்துகிற கம்பனி ஒன்றில் வேலை பழகுகிறேன். இரண்டு கிழமையில் விமானக் காட்சி. பூங்காவை நிறுத்த என்னால் முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் தாளில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, பிரதி எடுத்து, சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் சனம் இருக்கிற கட்டிடங்களின் உடுப்புத் தோய்க்கிற அறைகளில் ஒட்டினேன். பிறகு பஸ் எடுத்து ஸ்காபரோவுக்கு, மல்வேர்ன் வரை போய் ஒட்டினேன். என்ன நாள், என்ன நேரம், என்ன சத்தம் வரும், அது திரும்பத் திரும்ப வரும், குண்டு இல்லை, பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கீழே என் தொலைபேசி இலக்கம்.

முதல் அழைப்பு நேற்றுப் பின்னேரம் வந்தது. வயதான ஒரு பெண்ணின் குரல்.

“பிள்ளை, நீரோ உந்த நோட்டீசு ஒட்டினது?”

“ஓம் அன்ரி.”

“எத்தனை மணிக்கு வரும் எண்டு இன்னொருக்காச் சொல்லும்.”

“பகல் ஒரு மணிக்குத் துவங்கும் அன்ரி. நாலு மணிக்கு முடியும்.”

பிறகு, “நேரம் சொல்லிப்போட்டு வாற பிளேனை நான் இப்பதான் பிள்ளை கேள்விப்படுறன்” என்றார். “பொறும், பேனை எடுத்துக்கொண்டு வாறன். எங்கட மாடியில இன்னும் ஆறு வீடு இருக்கு.”

அவர் வரும்வரை தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றேன். வந்ததும், மணியை ஒவ்வொன்றாகத் திரும்பச் சொன்னேன். அவர் எழுதினார்.